எண்ணெய்ச் சூரியன்

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றிலிருந்து நான் டைரி எழுத வேண்டுமாம். ஆசை என்னுடையது இல்லை, கடை முதலாளி மிருதுளா மேடத்தின் உத்தரவு. படம் வரைகிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளர்களுக்கு ஆர்வம் பொங்குகிறதாம். அதனால் ஒவ்வொரு டிசைனும் பிறந்த கதையை நான் நாள்வாரியாக எழுத வேண்டும். தீபாவளிக்கு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு விளக்கும் போடுவார்களாம்.

"மனசுல என்ன ஓடுதோ அப்படியே எழுதுங்க மரகதம். பாலிஷ் வேண்டாம்" என்றார்.

என் மனசில் ஓடுவதை அப்படியே எழுதினால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே இது எனக்கு. பெட்டிக்குள் வைக்க, பிறகு அழகான கையெழுத்தில் பொய்யாக ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

கடையின் பெயர் 'தாழ்வாரம்'. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம், மூன்று மாடி, முழுக்கக் கண்ணாடி. தாழ்வாரம் ஒன்றைத் தவிர அங்கே எல்லாம் உண்டு. சுவரில் மாட்டும் படம், குஷன் உறை, டீ தட்டு, மேசை விரிப்பு, மல்லிகை வாசம் அடிக்கும் மெழுகுவத்தி. அவற்றின் மேல் என்ன படம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அவற்றையெல்லாம் ஒரு வீடு மாதிரி அடுக்கிவைத்து, பார்க்கிறவர்கள் 'நம்ம வீடு ஏன் இப்படி இல்லை' என்று வயிறெரிந்து வாங்கிப் போகும்படி செய்வதும் என் வேலை. நன்றாகவே எரிய வைப்பேன்.

இந்தத் தீபாவளிக்குத் தலைப்பு: 'இருவர் இல்லம்'. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஒரு ஹாலை முதல் மாடியில் கட்டிக் காட்ட வேண்டும். அதன் சுவரில் புது வரிசைப் படங்கள். மேடத்துக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. தெரிந்தே இந்தத் தலைப்பைக் கொடுத்திருந்தால் பெரிய ஆள்தான்.

வீட்டு விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை குணசீலன் பெட்டியை எடுத்துக்கொண்டு போத்தனூரில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். போகும்போதும் சத்தம் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இந்த வீட்ல எனக்கு உக்கார எடமில்ல, மரகதம்."

மூன்று பேர் உட்காரும் சோபா, இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மோடா, ஜன்னலோரம் மெத்தை போட்ட பெஞ்சு. இடமில்லையாம்.

"திரும்பி வர்றீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"தீபாவளி வரைக்கும் டைம் குடு. யோசிச்சுட்டுச் சொல்றேன்."

"செரி, யோசிங்க. எனக்கும் தீபாவளி வரைக்கும் குஷன் வேலை கெடக்குது" என்றேன்.

செப்டம்பர் 13, சனி

வரைந்தவை: மயில். தாமரை. வாழையிலை. கோபுரம். டபராவில் காபி. யானை, பக்கவாட்டில். யானை, நேராக.

கிழித்தவை: மேற்படி.

ராத்திரிக்கு உப்புமா. ஒரு ஆளுக்கு உப்புமா கிளறுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மறுநாள் மதியம் வரைக்கும் வரும் போலிருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

மேடத்திடம் புது வரைவுகளைக் காட்டினேன். மஞ்சள் கோடும் நீலக் கோடும் ஒன்றை ஒன்று கட்டிப் பின்னிப் போகிற மாதிரி ஒன்று. பின்னணியில் இரண்டு பறவை. ஒரு கிளையில் இரண்டு, ஒரு கம்பியில் இரண்டு, ஒரு மாடத்தில் இரண்டு. கண்றாவி. எனக்கே தெரியும்.

மேடம் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். "அழகா இருக்கு. ஆனா இதுல யாருமே குடியிருக்கலியே" என்றார். பறவைகள் குடியிருக்கின்றன என்றேன். சிரிக்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் ஒரு முதன்மைப் படம் வேண்டுமாம். சோபாவுக்கு மேலே மாட்டுகிற பெரிய படம். அதைப் பார்த்ததும் 'இது ஒரு வீடு' என்று தோன்ற வேண்டும். நான் என்ன வீடு விற்கிற புரோக்கரா?

குணசீலனிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. யோசிக்கிற மனிதரை நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது.

செப்டம்பர் 20, சனி

யோசனை வராத நாட்களில் வீட்டைத் துடைப்பது என் வழக்கம். இன்றைக்கு ஹால். சோபாவை இழுத்துப்போட்டேன். பின்னால் அது இருந்தது.

அது என்றால், கறை. எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இதனால்தான். குணசீலன் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பார். கொஞ்சமாக இல்லை, தாளிக்கிற அளவுக்கு. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துவிடுவார். சோபாவுக்கு முதுகு குட்டை. அழகுக்காக நான் தேடித் தேடி வாங்கியது. அதனால் தலை நேரே சுவருக்குத்தான் போகும். பதினொரு வருஷமாகப் போய்ப் போய், அங்கே ஒரு தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை.

நான் சொல்லாத நாள் இல்லை. "சாயாதீங்க." "எந்திரிங்க." "நாற்காலில உக்காருங்க." "அந்த நாற்காலி வேண்டாம், அது பாலிஷ் போட்டது." ஒரு தடவை அங்கே ஒரு படத்தை மாட்டிப் பார்த்தேன். படத்தின் மேல் சாய்ந்தார்.

சோப்புத் தண்ணீரும் ஸ்கிரப்பரும் எடுத்துவந்து கறைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேய்க்கத்தான் போனேன். ஆனால் அது வட்டம் இல்லை. இத்தனை வருஷம் வட்டம் என்று நினைத்திருந்தேன். நடுவில் ஓர் இடம் நல்ல அடர்த்தி, அது பேப்பர் படிக்கிறபோது. இடப்பக்கம் ஒரு வீக்கம் நீண்டு போகிறது, அது டிவி பார்க்கத் தலையைத் திருப்புகிற இடம். மேலே ஒரு மங்கலான வளைவு, அது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறபோது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன வால் மாதிரி. அது என்ன என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அடுப்படி வலப்பக்கம் இருக்கிறது. நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவார் அல்லவா, அது.

ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை. சுவரில் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரைகிறது. இந்த மாதிரி ஓரம் வரைய காலேஜில் மூன்று வருஷம் கஷ்டப்பட்டோம். எனக்கு வரவே இல்லை.

வடிவம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். பட்டர் பேப்பரைச் சுவரில் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்த்து எடுத்தேன். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேய்க்கவில்லை. வேலை இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

மூன்று நாளாக நிறம் கலக்கிறேன். மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை. வடித்த கஞ்சியில் டீ சிந்தினால் வருமே, கிட்டத்தட்ட அது. திருப்பூரில் எங்களுக்கு அச்சடித்துத் தருகிறவர் முதல் சாம்பிளை அனுப்பினார். ரொம்பச் சிவப்பு. இரண்டாவது ரொம்பப் பச்சை. மூன்றாவதைப் பிரித்ததும் எனக்குத் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. துணியில் மை வாசம்தான் அடிக்கும், எனக்குத் தெரியும்.

மேடம் அதைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"மரகதம்! என்ன ஒரு சூரியன்!"

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"விடிகாலைல மருதமலைக்குப் பின்னால எழும்பற சூரியன். கரெக்டா?"

சூரியன் மருதமலைக்குப் பின்னால் மறையத்தான் செய்யும், அது மேற்கு. இருந்தாலும் சம்பளம் தருகிறவர் சொன்னால் எந்தப் பக்கமும் எழும்பும். கரெக்ட் மேடம் என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

'தாழ்வாரம்' கடையில் எதையும் சும்மா விற்க மாட்டார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கதை அட்டை இருக்க வேண்டும். ஒரு கரண்டிக்குக்கூட வம்ச வரலாறு எழுதியிருக்கிறேன்.

இந்தப் படத்துக்கு என்ன எழுதுவது? 'என் வீட்டுக்காரருடைய தலை' என்று எழுதலாம். உண்மையும் கூட, சுருக்கமாகவும் இருக்கும். கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'கொங்குச் சூரியன். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் வந்து சாய்கிற வெளிச்சம். அது இருக்கும்போது நாம் கவனிப்பதில்லை.'

மேடம் 'சாய்கிற' என்பதை அடித்துவிட்டு 'உதிக்கிற' என்று மாற்றினார். மற்றபடி கண் கலங்கினார். அட்டை எழுதினால் யாராவது அழ வேண்டும், இல்லையென்றால் விற்காது.

செப்டம்பர் 29, திங்கள்

'இருவர் இல்லம்' கட்டியாகிவிட்டது. மூன்று பக்கம் பிளைவுட் சுவர், ஒரு சோபா, மேலே கொங்குச் சூரியன், பக்கத்தில் சின்ன மேசை. எல்லாம் புதுசாய்ப் பளபளவென்று, யாரோ இழவுக்குப் போயிருக்கிற வீடு மாதிரி இருந்தது. குடியிருக்கிற களை வேண்டும். அதற்கு நான் வீட்டிலிருந்து சில சாமான் கொண்டுவந்தேன். இது தொழிலில் சகஜம். குணசீலனின் ஈரிழைத் துண்டு, அவர் விட்டுப் போன பழைய கண்ணாடிக் கூடு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. எல்லாவற்றிலும் 'விற்பனைக்கு அல்ல' ஸ்டிக்கர் ஒட்டினேன். என் சாமான் எதையும் வைக்கவில்லை. இடம் போதவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். சோபாவுக்குப் பின்னால், இடது மூலையில், பஞ்சில் எண்ணெய் தொட்டுச் சுவரில் ஒரு கறையும் போட்டேன். லேசாகத்தான். தத்ரூபமாக இருந்தது.

மதியம் பார்த்தால் காணோம். முதல் மாடியைக் கூட்டித் துடைக்கிற ஜெசிந்தா அக்கா, பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறார்.

"ஆரோ தலைய வெச்சுட்டாங்க மேடம். நல்லவேள, ஒடனே பாத்துட்டேன்."

"அக்கா, அது நான் வெச்சதுங்க."

"நீங்களா? எதுக்குங்?"

"வீடு மாதிரி இருக்கணும்னு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்ல வந்து பாருங்க மேடம். சொவரு முச்சூடும் வீடு மாதிரிதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுபடி போட்டேன். சாயங்காலத்துக்குள் மறுபடி தேய்த்துவிட்டார். கை பழக்கம், நிறுத்த முடியவில்லையாம். நானும் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பில் போடுகிற மெஷின், லிஃப்ட், ஸ்டேப்ளர், என் மானிட்டர். ஜெசிந்தா அக்கா கையில் சந்தனக் கிண்ணத்தோடு முதல் மாடிக்குப் போனவர், கொங்குச் சூரியனுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். சூரிய பகவானாம். துணிப் படம், துடைத்தால் பரவும். மேடத்துக்கு ஒரே சந்தோஷம், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். குணசீலனின் மண்டைக்குச் சந்தனப் பொட்டு. சூடம் காட்டும்போது எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், என்ன செய்வது.

சாயங்காலம் போத்தனூரிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா, எனக்கு நங்கையா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. எதையும் ஒளித்துப் பேசத் தெரியாதவர், அதுதான் அவரிடம் கஷ்டம்.

"பொரி கடலை அனுப்பி உடட்டுமா மரகதம்?"

"இங்கயே நெறைய இருக்குதுங்க நங்கையா. அவரு எப்படி இருக்காருங்க?"

"அவனுக்கென்ன. சாப்பிடறான், தூங்கறான். வந்து உக்காந்தான்னா சொவத்துல சாஞ்சுக்கறான். வந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள எங்கூட்டுச் சொவத்துலயும் எண்ணெய் ஆக்கிப்போட்டான். நான் ஒண்ணும் சொல்றதில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

"நல்லதுங்க நங்கையா" என்றேன்.

நல்லதுதானே. நானும் இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்லக்கூடியவள்தான். எனக்கு ஒரு மனுஷனின் தலையோடு போட்டி இல்லை. ஆனால் போத்தனூர் கறைக்கும் எங்கள் வீட்டுக் கறைக்கும் வித்தியாசம் உண்டு. எங்களுடையது பதினொரு வருஷ வேலை.

அக்டோபர் 5, ஞாயிறு

சோபாவை இன்னும் சுவரோடு சேர்த்துப் போடவில்லை. பிறகு தள்ளிக்கொள்ளலாம்.

அக்டோபர் 9, வியாழன்

கொங்குச் சூரியன் விற்கிறது என்றால் சாதாரணமாக இல்லை, பறக்கிறது. குஷனாக, டீ தட்டாக, கப் வைக்கிற வட்டமாக. குணசீலனின் தலைமேல் கோயம்புத்தூரே கப்பை வைத்துக் காபி குடிக்கிறது. ஒரு புது மாப்பிள்ளை தன் மனைவியிடம் "இத எங்கயோ பாத்த மாதிரி இருக்குதில்ல?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவன் தலையில் நிறைய எண்ணெய். இன்னும் ஐந்து வருஷத்தில் அவன் வீட்டிலேயே பார்ப்பான்.

'இருவர் இல்லம்' சோபாவில் வருகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். எந்திரிங்க என்று யாரும் சொல்வதில்லை. கடை ஆயிற்றே.

மேடத்துக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. அவினாசி ரோட்டில் புதிதாகத் திறக்கிற ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்குச் சுவர் முழுக்கக் கொங்குச் சூரியன். திருப்பூர்க்காரர் கையை விரித்துவிட்டார். என்னிடம் இருக்கிற பட்டர் பேப்பரும் போன் போட்டோவும் அந்த அளவுக்குத் தாங்காதாம், பொரிப் பொரியாகத் தெரியுமாம். மூலத்தை நல்ல கேமராவில் எடுத்துக் கொடுங்கள் என்றார்.

"மூலம் எங்க இருக்கு?" என்றார் மேடம்.

"எங்க வீட்லதான் மேடம். பத்திரமா இருக்குது."

நாளைக்குச் சாயங்காலம் கடை போட்டோகிராபரை அழைத்துப் போகிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இல்லை. போய்விட்டது.

கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாசம். ஹாலின் அந்தச் சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று. சோபாவை அழகாகச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மேலே பேப்பர் விரித்து மூடியிருந்தது. போட்டோகிராபர் பின்னால் நின்றுகொண்டு "எதை எடுக்கணுங்க?" என்று கேட்டான். அவனை அனுப்பிவிட்டு மேலே ஓடினேன்.

வீட்டு ஓனர் வெள்ளிங்கிரி ஐயா மாடியில்தான் இருக்கிறார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க ஒரு சாவி அவரிடம் இருக்கும். பனியனோடு, முகமெல்லாம் சிரிப்போடு வந்தார்.

"பாத்தியா அம்மிணி? மாடிப்படிக்கு பெயிண்டருங்க வந்திருந்தாங்க. பெயிண்டு கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. செரி, உன்ற ஹால்ல அந்த அழுக்குச் சொவத்தையும் ஒட்டுக்கா அடிச்சிரலாம்னு அடிக்கச் சொல்லீட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே ஐயா."

"கேக்கறதா? நீதான அம்மிணி ரெண்டு வருஷமாக் கேட்டுட்டு இருந்த? அந்த எண்ணெய்க் கறையப் பாத்தாவே பத்திக்கிட்டு வருது, எப்ப அடிப்பீங்க, எப்ப அடிப்பீங்கன்னு உசுர வாங்கீட்டு இருந்தியே. பட்டி பாத்து, ரெண்டு கோட்டு அடிச்சிருக்குது. இனி எண்ணெய் மேல வராது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி திரும்பி வர்றப்ப ஊடு பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான்."

கேட்டேன்தான். போனில் மெசேஜ்கூட அனுப்பியிருக்கிறேன், சுவர் போட்டோவோடு, கோபமாக இருக்கிற மஞ்சள் முகம் போட்டு.

ரொம்ப நன்றிங்க ஐயா என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளை ஒட்டியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். ஒரு ஆர்டர் போனதற்கு இப்படி யாரும் அழ மாட்டார்கள்.

அந்தச் சின்ன வாலை நான் சரியாக வரைந்தேனா என்றுகூட இப்போது சரிபார்க்க முடியாது.

அக்டோபர் 13, திங்கள்

பெரிய அளவு முடியாது என்று மேடத்திடம் சொன்னேன். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பெருசு பண்ணிக் குடுத்துரும்" என்றார். கொடுத்துவிட்டது. ஓரத்தையெல்லாம் செதுக்கி, வீக்கத்தைக் குறைத்து, வாலை நறுக்கி, கச்சிதமான வட்டமாக்கியது. இப்போது அது பூரி. ஓட்டல்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஓட்டல் இல்லையா.

கண்ணாடிப் பெட்டிக்கான டைரியையும் எழுதிக் கொடுத்தேன். 'விடியலில் எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன்' என்று ஆரம்பிக்கும். எங்களுக்கு மொட்டை மாடிச் சாவியே கிடையாது.

அக்டோபர் 16, வியாழன்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஜெசிந்தா அக்கா பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒருத்தரு வந்திருந்தாருங்க. அந்த ரூமையே பாத்துட்டு நின்னாரு. ரொம்ப நேரம். உக்காருங்க சார், எல்லாரும் உக்காருவாங்கன்னு சொன்னேன். பரவால்லீங்க, நின்னே பாத்துக்கறேன்னுட்டாரு. போறப்ப அந்தக் கண்ணாடிக் கூட்ட எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாருங்க! சார், அது விற்பனைக்கு இல்லைன்னேன். 'தெரியுமுங்க'ன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. திருட்டுப்பய மாதிரியும் தெரியல."

"விடுங்க அக்கா. பழசுதான்."

போய்ப் பார்த்தேன். நான் சோபாக் கையில் கசங்கலாகப் போட்டிருந்த துண்டு, மூன்றாக மடித்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் துண்டை மூன்றாக மடிக்கிறவர் ஒருவர்தான். நான் நான்காக மடிப்பேன்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஒரு ஆளுக்கு விடிவதற்கு முன்னால் எழுந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ள என்ன கட்டாயம்? எட்டு மணிக்கு எழுந்தேன். தலையில் நல்லெண்ணெயை வழிய வழிய வைத்து, ஊறட்டும் என்று பழைய நைட்டியில் உட்கார்ந்திருந்தபோது பெல் அடித்தது. குணசீலன்.

குளித்து, புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கையில் நங்கையா கொடுத்துவிட்ட அதிரசமும் முறுக்கும்.

"உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து 'ங்க' போட்டுப் பேசியது அவர் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். "அட, அடிச்சாச்சா?"

"வெள்ளிங்கிரி ஐயா அடிச்சாருங்க."

"நல்லா இருக்குது. நீ சொல்லீட்டே இருந்தது."

சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்தார். நுனியில். முதுகை நேராக வைத்துக்கொண்டு, முட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். தரையில் சிந்தாமல் டம்ளருக்கு அடியில் கையை ஏந்திக் குடித்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சாஞ்சு உக்காருங்களேன்" என்றேன்.

"இல்ல, இருக்கட்டும். பெயிண்ட்டு புதுசு."

"பரவால்லீங்க. சாயுங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, தலைக்குப் பின்னால் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் சாய்ந்தார். பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் பட்டுவிடக் கூடாது என்று உட்காருவார்களே, அப்படி. அடுப்படியில் பால் பொங்கியது. ஓடிப் போய் அடுப்பை அணைத்து, அங்கிருந்தே "ஐயோ" என்றேன். அவர் தலை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"சிங்காநல்லூர்ல ஒரு வீடு பாத்திருக்கறேன் மரகதம். சின்னதுதான். ஒரு ஆளுக்குப் போதும்."

"உக்கார எடமிருக்குதுங்களா?"

"ஒரு பாய் இருக்குது" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பதினொரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, எண்ணப்போவதும் இல்லை.

எழுந்து கைக்குட்டையை மூன்றாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சுவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் ஆகவில்லையே என்று. ஒன்றும் ஆகவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது நின்றார்.

"கடைக்கு வந்திருந்தேன். அந்தச் சூரியன் படம் நல்லா இருந்துச்சு. எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நீ வரஞ்சதா?"

"இல்லீங்க. நான் பாத்து எடுத்தது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். தெருவில் யாரோ சரம் கொளுத்தினார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஓடிக் கடந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

உள்ளே வந்து காபி டம்ளரைக் கழுவி வைத்தேன். பொங்கிய பாலைத் துடைத்தேன். குளிக்கப் போக வேண்டும், எண்ணெய் காதுவரை இறங்கியிருந்தது. ஹாலைக் கடக்கும்போது சோபாவைப் பார்த்தேன். இடது மூலையில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். நங்கையா அனுப்பிய அதிரசம் ஒன்றைக் கடித்தேன். நன்றாகவே இருந்தது. அப்படியே தலையைச் சுவரில் சாய்த்தேன்.

நன்றாக இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் எந்திரிங்க எந்திரிங்க என்று சொன்னேன்? சாய்ந்துகொண்டே அதிரசம் முழுதும் தின்றேன். எழுந்து திரும்பிப் பார்த்தபோது வெள்ளைச் சுவரில் என் கறை. அவருடையது இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே. நல்லெண்ணெய், அதனால் நிறம் கொஞ்சம் கூட.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் மேடம் போன் செய்தார். சூரியன் இத்தனை ஓடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லையாம். பொங்கலுக்குப் புதிதாக ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன் மேடம். ஆனா மெதுவாத்தான் வரும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"பதினொரு வருஷம் ஆகலாம்" என்றேன்.

ஜோக் என்று நினைத்து அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.